கையெழுத்து அச்சேறிய வரலாறு

திருமண அழைப்பிதழிலும் பட்டச் சான்றிதழிலும் பாராட்டுப் பத்திரத்திலும் ஒருவகை ஆங்கில எழுத்தைப் பலரும் கண்டிருப்பர். வலப்புறம் சாய்ந்து, மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வர, பெரிய எழுத்துகளின் முனைகள் கொடி போலச் சுருண்டு நிற்கும் எழுத்து அது. தேர்ந்த கையொன்று பேனா பிடித்து எழுதியதோ என்று பார்ப்பவரை மயங்கச் செய்யும். ஆயினும் அது கையெழுத்தன்று; அச்செழுத்து.

அச்சுக்கலை தோன்றிய நாள் தொட்டே கையெழுத்தின் அழகை அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்னும் வேட்கை மேனாட்டாரிடம் இருந்து வந்தது. அவ்வேட்கை நிறைவேற ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றின் நிறைவாக 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது 'ஸாப்பினோ' என்னும் அச்செழுத்து. அதனைப் படைத்தவர் ஹெர்மன் ஸாப் என்னும் ஜெர்மானியர். அவ்வெழுத்து அவருடைய பேனாவிலிருந்து முதன்முதல் பிறந்தது 1944-இல்; அச்சேறியது 54 ஆண்டுகள் கழித்து. இத்துணைக் காலம் அது காத்திருக்க நேர்ந்தது ஏன்? விடை காண, கைக்கும் ஈயத்துக்கும் உள்ள பகையை முதலில் அறிதல் வேண்டும்.

கையும் ஈயமும்

ஈய எழுத்து உருவாகும் முறை இது. உருக்குக் கோலின் நுனியில் ஓர் எழுத்தின் வடிவத்தைச் செதுக்குவர். அதனைச் செப்புத் துண்டில் அறைந்து பள்ளமாக்குவர். அப்பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்ற, எழுத்துக் கட்டை பிறக்கும். ஒரு பள்ளத்திலிருந்து ஆயிரம் கட்டைகள் வார்த்தாலும் ஆயிரமும் ஒரே முகம் உடையனவாக இருக்கும். அச்சின் சிறப்பும் அதுவே, குறையும் அதுவே.

கை அவ்வாறு எழுதுவதில்லை. ஒரே வரியில் ஓர் எழுத்து மூன்று முறை வந்தால் மூன்றும் மூன்று விதமாக அமையும். முன்னெழுத்தின் வால் நீண்டிருந்தால் பின்னெழுத்து ஒதுங்கி இடம் கொடுக்கும். சொல்லின் இறுதியில் இடம் மிகுந்தால் பேனா ஒரு சுழி சுழித்து ஓயும். இவ்வாறு அண்டை அயலைப் பார்த்துத் தன் வடிவை மாற்றிக்கொள்வதே கையெழுத்தின் உயிர்.

மற்றொரு தொல்லையும் உண்டு. ஈயக் கட்டை நாற்கோண வடிவினது. எழுத்தின் சுழி கட்டையின் எல்லையைத் தாண்டி வெளியே நீண்டால், அந்நீட்சிக்குக் கீழே தாங்குவதற்கு ஒன்றும் இராது. அச்சுப்பொறி அழுத்தும்போது முறிந்து விழும். தமிழெழுத்துகள் தனித்தனியே நிற்பவை ஆதலின் இத்தொல்லையின் முழு அளவும் நமக்குப் புலப்படுவதில்லை. ஆங்கிலக் கூட்டெழுத்திலோ ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததன் கையைப் பற்றி நிற்கும். மயிரிழை போன்ற அந்த இணைப்புக் கோட்டைத் தனித்தனிக் கட்டைகளின் ஓரங்களில் பொருத்துவது எளிதன்று. இடையில் சிறு வெடிப்பு விழுந்தாலும் எழுத்தின் ஓட்டம் அறுந்துபோகும்.

முதல் முயற்சிகள்

மைன்ஸ் நகரத்து கூட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்டபோது அவர் முன் இருந்த மாதிரி ஏடெழுதுவோரின் கையெழுத்தே. அதனை ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ 290 வடிவங்களை அவர் வார்த்தார். ஒலிக்குறிகள் சிலவே கொண்ட மொழிக்கு இத்தனை வடிவங்கள் எதற்கு? ஒட்டி வரும் எழுத்துகள், சுருக்கக் குறிகள், அகலம் வேறுபட்ட எழுத்துகள் எல்லாம் அவற்றுள் அடங்கும். வேறுபாடு இன்றேல் கையெழுத்தின் சாயல் வராது என்பதை அச்சுக்கலையின் முன்னோடியே உணர்ந்திருந்தார்.

வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் அல்டஸ் மனூஷியஸ் 1501-இல் வெர்ஜில் என்னும் இலத்தீனப் புலவரின் நூலைச் சாய்வெழுத்தில் வெளியிட்டார். அன்றைய இத்தாலிய அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தைப் பார்த்து அதற்கான உருக்கு முனைகளைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிப்போ. கைக்கடக்கமான அச்சிறு நூல் பெரும்புகழ் பெற்றது. எனினும் அதன் பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன. சாய்ந்தவை சிற்றெழுத்துகள் மட்டுமே. நாளடைவில் அவ்வெழுத்து, நூலில் ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் துணையெழுத்தாக அமைந்துவிட்டது.

பிரான்ஸ் நாட்டு ராபேர் கிராஞ்சோன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். இத்தாலியர்க்கு அவர்தம் எழுத்து இருப்பது போலப் பிரெஞ்சு மக்களுக்கும் சொந்த எழுத்து வேண்டும் என்று கருதி, தம் நாட்டாரின் அன்றாடக் கையெழுத்தை அவர் அச்சில் வடித்தார். 1557-இல் லியோன் நகரில் அவ்வெழுத்தால் ஒரு நூல் வெளிவந்தது. சொல்லின் முதலில் வருவதற்கு ஒரு வடிவம், இறுதியில் வருவதற்கு வேறொரு வடிவம் என்று சில எழுத்துகளுக்கு மாற்று உருவங்களையும் அவர் அமைத்தார்.

இவ்வெழுத்துக்குப் பின்னாளில் வழங்கிய பெயர் ஆசிரியர்களின் கருத்துக்குரியது. எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 1530-இல் சிறுவர்க்கென ஓர் ஒழுக்க நூல் எழுதினார். உண்ணும் முறை, உடுக்கும் முறை, பெரியோர் முன் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைக் கற்பிப்பது அது. அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அதனை ஒட்டி எழுந்த நூல்களும் கிராஞ்சோனின் எழுத்துவகையில் அச்சாயின. நல்லொழுக்கத்தோடு கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியும் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்பது நோக்கம். ஆகவே நாகரிக ஒழுக்கம் எனப் பொருள்படும் 'சிவிலிதே' என்பதே அவ்வெழுத்தின் பெயராயிற்று. பள்ளிக்கூடம் தந்த பெயரால் ஓர் அச்செழுத்து வரலாற்றில் நிலைத்தது.

செப்புத் தகடு காட்டிய வழி

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வாணிகம் கடல் கடந்து பெருகிற்று. கணக்கேடும் கடிதமும் எழுதத் தெளிவும் விரைவும் உள்ள ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. கூர்முனை இறகுப் பேனாவால் எழுதப்பட்ட உருண்டை எழுத்து அத்தேவையை நிறைவேற்றியது. கீழ்நோக்கி இழுக்கும்போது சிறிது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிச் செல்லும்போது அழுத்தம் நீங்கிக் கோடு மெலியும். இக்கலையைக் கற்பிக்கும் எழுத்தாசான்கள் இலண்டனில் பலர் இருந்தனர்.

அவர்தம் கையெழுத்தைப் பரப்பியது ஈய அச்சன்று, செப்புத் தகடே. தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறும்போது கட்டையின் எல்லை என்ற ஒன்று இல்லை. சுழி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். ஜார்ஜ் பிக்கம் என்னும் செதுக்காளர், 25 எழுத்தாசான்களின் கைவண்ணத்தை 212 தகடுகளில் செதுக்கி 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். 'உலகப் பேனாக்காரர்' என்று பொருள்படும் அந்நூல், எழுத்தணிக் கலைஞர்கள் மீண்டும் மீண்டும் புரட்டும் கருவூலமாக விளங்கி வருகிறது.

அவ்வெழுத்தாசான்களுள் சார்லஸ் ஸ்னெல் (1667–1733) என்பவர் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். ஒவ்வோர் எழுத்தின் உயரமும் அகலமும் சாய்வும் வரையறுத்த விதிப்படி அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்விதிகளை 1714-இல் நூலாகவே வெளியிட்டார். கையின் உரிமையை விதி கட்டிப்போடுவதாகச் சக ஆசான் ஜான் கிளார்க் எதிர்த்தார். இருவர்க்கும் கடும் வாதம் நிகழ்ந்தது. ஒழுங்கு முதலா, உரிமை முதலா என்னும் இக்கேள்வி உறுப்பெழுத்து கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுவதே.

சாய்ந்த கட்டையும் ஒளிப்படமும்

செப்புத் தகட்டின் அழகை ஈயத்தில் கொண்டுவரப் பலர் முயன்றனர். அவர்களுள் பாரிஸ் நகரத்துப் பிர்மின் திதோ (1764–1836) கண்ட வழி நுட்பமானது. எழுத்து சாய்ந்திருக்கும்போது கட்டை மட்டும் ஏன் நேராக நிற்க வேண்டும்? கட்டையையும் சாய்த்தே வார்த்தால் எழுத்து அதன் எல்லைக்குள் அடங்கிவிடும் அன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அவ்வாறே செய்தார். வரியின் இரு முனைகளிலும் முக்கோணத் துண்டுகளைச் செருகி, சாய்ந்த கட்டைகளை நேரான சட்டத்துள் நிறுத்தினார். எழுத்துகள் ஓரளவு கைகோத்து நின்றன. ஆனால் வார்ப்பதும் கோப்பதும் கடினமாயின. மெல்லிய முனைகள் எளிதில் தேய்ந்தன. ஆகவே இவ்வகை எழுத்துகள் அழைப்பிதழ், விளம்பரச் சீட்டு போன்ற சிறு வேலைகளுக்கே பயன்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் ஒளிப்பட முறையில் அச்சுக் கோக்கும் பொறிகள் வந்தன. எழுத்து ஈயத்தை விட்டுப் படச்சுருளில் ஏறியது. கட்டை இல்லையேல் கட்டையின் எல்லையும் இல்லை. இவ்வாய்ப்பை அறிந்த மேத்யூ கார்ட்டர் என்னும் ஆங்கிலேயர், லைனோடைப் நிறுவனத்துக்காக ஓர் உருண்டைக் கூட்டெழுத்தை வரைந்தார். அது 1966-இல் வெளியாயிற்று. அதற்கு அவர் தேர்ந்த மாதிரி, விதிக்குக் கட்டுப்பட்ட ஸ்னெலின் கையெழுத்து. எழுத்துகள் எல்லாம் ஒரே சீராக அமைந்தால்தான் இணைப்புக் கோடுகள் தப்பாமல் ஒன்றோடொன்று பொருந்தும். 250 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசான் வற்புறுத்திய ஒழுங்கு, பொறிக்கு உகந்ததாயிற்று. 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' என அவர் பெயரையே அவ்வெழுத்து தாங்கி நிற்கிறது.

ஒழுங்கான கை அச்சேறிவிட்டது. கட்டற்ற கை அச்சேற இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

கதவடைக்கப்பட்ட இளைஞர்

ஹெர்மன் ஸாப் 1918-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் பிறந்தார். மின்பொறியியல் வல்லுநர் ஆக வேண்டும் என்பது சிறுவயதில் அவர் கண்ட கனவு. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. தொழிற்சங்க ஈடுபாடு காரணமாகத் தந்தை வேலையிழந்தார். சிறிது காலம் டாக்காவ் வதை முகாமிலும் அடைக்கப்பட்டார். தந்தையின் கொள்கை மகனின் கல்விக்குத் தடையாயிற்று. தொழில்நுட்பக் கழகத்தின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

பள்ளியாசிரியர்கள் அவரைக் கைவிடவில்லை. ஓவியத்தில் அவருக்கிருந்த திறமையைக் கண்டு, கல்லச்சுத் தொழில் கற்கலாம் என்று வழிகாட்டினர். நகரத்து நிறுவனங்களை ஒவ்வொன்றாக நாடிச் சென்றார். எல்லாரும் அரசியல் கேள்விகளைக் கேட்டுத் திருப்பி அனுப்பினர். பத்து மாதங்கள் அலைந்த பிறகு, அரசியல் கேளாத ஒரு நிறுவனம் 1934-இல் அவரைப் படங்களைச் செப்பனிடும் வேலையில் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டது.

மறு ஆண்டு நூரன்பர்க்கில் ஒரு கண்காட்சி நடந்தது. மறைந்த எழுத்துக் கலைஞர் ருடால்ப் கோக்கின் நினைவாக அமைந்தது அது. அதனைக் கண்ட பதினாறு வயது இளைஞரின் உள்ளம் எழுத்தின்பால் சென்றது. கோக் எழுதிய நூல் ஒன்றையும், இங்கிலாந்தின் எட்வர்ட் ஜான்ஸ்டன் எழுதிய எழுத்தணி நூலையும் வாங்கினார். பட்டை முனைப் பேனாவும் அவ்விரு நூல்களுமே அவருக்கு ஆசான். வீட்டில் அமர்ந்து தாமே பயின்றார். பயிற்சிக்காலம் முடிந்ததும் 1938-இல் பிராங்பர்ட் சென்று எழுத்துத் தொழிலில் ஈடுபட்டார்.

போர் மூண்டது. படையில் சேர்க்கப்பட்ட ஸாப் துப்பாக்கிக்கு ஏற்றவராக இல்லை. இடம் வலம் தடுமாறிய அவரை அதிகாரிகள் நிலப்படம் வரையும் பிரிவுக்கு மாற்றினர். பிரான்ஸ் நாட்டு போர்தோ நகரில் ஸ்பெயின் நாட்டின் நிலப்படங்களை வரைந்தார். ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றியே எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது. போர்முனைக்குச் செல்லாமல் அவரைக் காத்தது பெரும்பாலும் அவ்வாற்றலே எனலாம். ஓய்வு நேரங்களில் குறிப்பேட்டில் எழுத்தணி பயின்றார். அவ்வேட்டின் ஒரு பக்கத்தில் 1944-ஆம் ஆண்டு, காற்றில் அசையும் கொடி போன்ற ஒரு நெடுங்கணக்கை எழுதி வைத்தார். நாடுகள் எரிந்துகொண்டிருந்த நாளில் ஒரு கை அமைதியாக அழகைத் தேடியது.

ஐம்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு

போர் முடிந்தபின் பிராங்பர்ட் நகரத்து ஸ்டெம்பல் எழுத்து வார்ப்படச் சாலை, 1947-இல் ஸாப்பைக் கலைத்துறைத் தலைவராக ஏற்றது. சான்றிதழ் எதையும் அது கேட்கவில்லை. போர்க்காலக் குறிப்பேடுகளையும் 1944-இல் அவர் எழுதிய ஓர் எழுத்தோவியத்தையும் பார்த்தே வேலை தந்தது. கட்டற்ற கையெழுத்தை ஈயத்தில் வடிக்க 1948-இல் அங்கே முயன்றார். ஈயம் இடம் தரவில்லை. நீண்ட சுழிகளைக் குறுக்க வேண்டியதாயிற்று. குறுக்கினால் எழுத்தின் உயிர் போயிற்று.

அவர் வேறு எழுத்துகளால் உலகப் புகழ் பெற்றார். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாசான் ஒருவர் பெயரால் அமைந்த 'பாலட்டினோ', 1958-இல் வெளிவந்த 'ஆப்டிமா' ஆகியன அவர் படைப்புகளே. நியூயார்க் நகரத்துப் பியர்பான்ட் மார்கன் நூலகம் வேண்டியதற்கிணங்க, ஐக்கிய நாட்டுச் சாசனத்தின் முகவுரையை 1960-இல் நான்கு மொழிகளில் கையால் எழுதிக் கொடுத்தார். கணிப்பொறி அச்சுத்துறையை மாற்றப் போகிறது என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். தாய்நாட்டில் அக்கருத்துக்கு வரவேற்பு இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்து, 1977 முதல் பத்தாண்டுகள் அத்துறையின் பேராசிரியராக அமர்த்திற்று.

பின்னர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேரறிஞர் டொனால்ட் நூத்துடன் சேர்ந்து, கணிதத்துக்கென ஓர் எழுத்தை ஸாப் வரைந்தார். நல்ல கையெழுத்துள்ள கணித ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதுவது போல அது அமைய வேண்டும் என்பது நோக்கம். அவ்வேலையில் பங்குகொண்ட டேவிட் சீகல் என்னும் இளைஞருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஒவ்வோர் எழுத்துக்கும் பற்பல வடிவங்களைக் கொடுத்து, இடத்துக்கேற்ற வடிவைக் கணிப்பொறி தேர்ந்தெடுக்கும்படி செய்தால் என்ன? அதனைக் கேட்ட ஸாப்புக்கு 1944-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டின் அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது.

வேலை தொடங்கிற்று, முடியும் தறுவாயில் சீகல் விலகிவிட்டார். முயற்சி சிலகாலம் கிடப்பில் கிடந்தது. ஸாப் மனந்தளராது லைனோடைப் நிறுவனத்திடம் அதனை எடுத்துச் சென்றார். நான்கு நெடுங்கணக்குகளும் அணிச்சுழிகளும் கொண்டு 1998-இல் 'ஸாப்பினோ' வெளிவந்தபோது அவருக்கு அகவை எண்பதை எட்டியிருந்தது.

ஒன்பது முகம் கொண்ட எழுத்து

ஸாப்பினோவின் பிற்காலப் பதிப்புகளில் 'டி' என்னும் ஒரு சிற்றெழுத்துக்கு மட்டும் ஒன்பது வடிவங்கள் உண்டு. அடுத்து வரும் எழுத்து எது, சொல் எங்கே முடிகிறது என்பனவற்றைப் பார்த்து, கணிப்பொறியே உரிய வடிவை இடுகிறது. இரண்டு மூன்று எழுத்துகள் அருகருகே வந்தால் அவை கலந்து ஒரே வடிவாகின்றன. 'ஸாப்பினோ' என்னும் அதன் பெயர் முழுவதையும் ஆங்கிலத்தில் அடித்தால், அச்சொல் முழுமைக்கும் தனியே வரைந்து வைத்த ஒற்றை வடிவம் தோன்றும். கூட்டன்பர்க் 290 வடிவங்களால் தேடியதும், கிராஞ்சோன் முதல், இறுதி வடிவங்களால் தேடியதும் இதுவே. 2003-இல் அகிரா கோபயாஷி என்னும் ஜப்பானிய வல்லுநருடன் சேர்ந்து ஸாப் அதனை மேலும் விரிவாக்கினார். ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறிகளோடு சேர்ந்து வந்ததால் அஃது உலகெங்கும் பரவிற்று. ஸாப் 2015-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் மறைந்தார்.

இவ்வெழுத்தைக் கையாளும்போது அளவறிதல் வேண்டும். அழைப்பிதழின் பெயர்களுக்கும் சான்றிதழின் தலைப்புக்கும் இது தகும். பத்தி பத்தியாகப் படிக்க வேண்டிய செய்திக்குத் தகாது; கண் விரைவில் களைத்துப்போகும். ஒரு சொல் முழுவதையும் பெரிய எழுத்தாலேயே அமைப்பது பெருந்தவறு. சுழிகள் ஒன்றோடொன்று மோதிச் சொல்லே மறைந்துபோகும். மணமேடையில் அணியும் நகையை வயல் வேலைக்கு அணிந்து செல்வார் உண்டோ?

பேனாவை வைத்துவிடலாமா?

பொறியே அழகாக எழுதும்போது பிள்ளைகள் உறுப்பெழுத்துப் பழகுவது எதற்கு என்று கேட்போர் உளர். மேலே கண்ட வரலாறே அதற்கு விடை. கிரிப்போவின் சாய்வெழுத்து ஏடெழுதிய அறிஞர்களின் கையிலிருந்து வந்தது. சிவிலிதே பிரெஞ்சு மக்களின் கையிலிருந்தும், கார்ட்டரின் எழுத்து ஓர் எழுத்தாசானின் கையிலிருந்தும் வந்தன. ஸாப்பினோவின் ஒன்பது வடிவங்களையும் கணிப்பொறி தானே படைத்துக்கொள்ளவில்லை. அவை ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் பயின்று பெற்றவை. ஒன்பதில் எது பொருந்தும் என்று தேர்வதே பொறியின் வேலை. ஒன்பதையும் கொடுக்கக் கை ஒன்று வேண்டும்.

உறுப்பெழுத்து கற்பிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஸ்னெலின் ஒழுங்கும் ஸாப்பின் உரிமையும் ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றினும், இரண்டாவது முதலாவதன் மேல் எழுந்ததே. ஒரு மில்லிமீட்டர் எழுத்தைத் தவறின்றி எழுதப் பழகிய கைதான் கட்டற்ற சுழியையும் தடுமாறாமல் வீசிற்று. கோட்டுக்குள் எழுதப் பழக்குவது முதற்படி. கோட்டைத் தாண்டும் நாளில் பிள்ளையைக் கண்டித்து நிறுத்தாமல் அதன் கை போகும் போக்கைக் கவனிப்பது அடுத்த படி. நூரன்பர்க்கின் பெயரறியாத அப்பள்ளியாசிரியர்கள் செய்தது அதுவே. படிப்புக்குக் கதவடைத்த நாட்டில், ஒரு மாணவனின் ஓவியத்தைக் கூர்ந்து நோக்கி அவன் செல்லக்கூடிய வேறொரு வழியை அவர்கள் காட்டினர். திருமண அழைப்பிதழில் நாம் காணும் அந்தக் கொடிச்சுழியின் வேர் அங்கே இருக்கிறது.